தயங்கி என்ற மீன்

காலை பத்தே முக்காலுக்கு மீன் தொட்டிகளைக் கழுவ ஆரம்பித்ததாக ஆண்ட்டி சொன்னார். ரப்பர் கையுறை போடுவதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தபோது மணி பார்த்தாராம். அந்த நேரத்தில் நான் சிங்கப்பூர் ஷென்டன் வேயில், ஒரு கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில், சரக்குப் பட்டியல் எதையாவது திருத்திக்கொண்டிருந்திருப்பேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மீன் அறைக் கதவைத் திறந்ததும் பாசி வாடை இல்லாததுதான் முதலில் உறைத்தது. என் மகளின் வரிசையில் இருந்த கண்ணாடித் தொட்டிகள், கடையில் விற்பனைக்கு வைத்தவை போலப் பளபளவென்று வெறுமையாக நின்றன. கீழே தரையில், துணி ஊறவைக்கிற நீல பேசின் ஒன்றில், அவளுடைய மீன்கள் அத்தனையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

“சுடா பெர்சே,” என்றார் ஆண்ட்டி. சுத்தமாகிவிட்டது என்று மலாயில். அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் சீன அம்மாள் அவர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வோம். முகத்தில் வியர்வை. என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். உன் மகளுடைய இடம் மட்டும் பழைய வருஷத்து அழுக்கோடு இருக்கலாமா என்றார்.

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அந்தக் கட்டடம் முழுவதையும் தேய்த்துக் கழுவுவது வழக்கம். தரை, ஜன்னல், அலமாரி, ஒன்று விடமாட்டார்கள். தொட்டிகளை மட்டும் அந்தந்த ஆராய்ச்சியாளர்கள் தொடவிடமாட்டார்கள். என் மகள் ஒவ்வொரு வருஷமும் தன் வரிசைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று, “ஜாங்கான், ஆண்ட்டி, ஜாங்கான்!” என்று கத்துவாளாம். வேண்டாம், வேண்டாம். ஆண்ட்டி துடைப்பத்தை ஓங்குவாராம். இரண்டு பேரும் சிரிப்பார்களாம். இதை அவள் வீட்டில் நடித்தே காட்டியிருக்கிறாள்.

அந்த வருஷம் கையை விரித்துக்கொண்டு நிற்க அவள் இல்லை. இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. டெங்கிக் காய்ச்சல். வயது இருபத்தாறு.

ஆண்ட்டி தேய்த்துத் துடைத்ததில் தொட்டிகளின் மேல் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்த எண்களும் போய்விட்டன. அந்த எண்கள் போனால் என்ன போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மீன்கள் ஒன்றும் அபூர்வமானவை அல்ல. விரல் நீளம், உடம்பில் நீலக் கோடுகள். ஜாலான் புசார் பக்கம் மீன் கடைகளில் சீப்ரா மீன் என்று பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்களே, அதேதான். அவற்றின் முட்டையும் குஞ்சும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். ஆண் மீன்களை ஒரு ரசாயனத்தில் நீந்தவிட்டு, அவற்றின் பரம்பரையில் என்ன கோளாறு வருகிறது என்று குஞ்சு குஞ்சாகப் பார்த்து எழுதுவது என் மகளின் வேலை. ஒரு குடும்பத்தில் கண் வராது. இன்னொன்றில் வால் வளைந்துபோகும். எந்த மரபணு கெட்டால் எது கெடுகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

அவள் கண்டுபிடித்த ஒரு குடும்பத்தில், குஞ்சுகளில் நாலில் ஒன்றின் இதயம் துடிக்கும், நிற்கும், எதையோ யோசிப்பது போல நின்று, மறுபடி துடிக்கும். ஒரு வாரத்துக்குள் அந்தக் குஞ்சு செத்துவிடும். அதற்கு அவள் தயங்கி என்று பெயர் வைத்தாள்.

சாகும் குஞ்சுகளை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது. கோளாறை உள்ளே சுமந்துகொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் நீந்துகிற தாய் தகப்பன்களை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். பார்வைக்கு அவை மற்ற மீன்களைப் போலவே இருக்கும். இது தயங்கி, இது வேறு என்று சொல்வது தொட்டியின் மேலிருந்த எண் ஒன்றுதான். இப்போது பேசினில் முப்பது சொச்சம் மீன்கள் சுற்றின. அவற்றில் நாலைந்து தயங்கி. எவை என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அவளே கண்டுபிடித்து விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது அந்தக் குடும்பம் ஒன்றுதான்.

ஆண்ட்டியை நான் திட்டவில்லை. என் மகளின் பேராசிரியர் வந்து, பேசினைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? என் மகளின் மேசையையும் அவர் துடைத்து வைத்திருந்தார்.

*

எனக்கும் மீனுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது என் தொழிலால். எழுபதுகளின் தொடக்கத்தில் அட்டையில் ஓட்டை போடும் வேலையில் சேர்ந்தவள் நான். கணினிக்கு அப்போதெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளைத்தான் தின்னக் கொடுப்போம். கெட்டுப்போன அட்டைகளைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். மகள் அவற்றின் முதுகில் படம் வரைவாள். பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு மேலே வந்தேன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில், எந்தத் துறையில் என்று சொல்லும் நிரல்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கேட்டாள்.

“அம்மா, எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும்ல?”

“நாங்க சொல்லிக் குடுத்தா தெரியும்.”

“என் மீனுக்கும் அது மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன். வெளிநாட்டுல இருந்துகூடப் பாக்கிற மாதிரி.”

“வெளிநாட்டுக்காரன் உன் மீனை எதுக்கடி பாக்கணும்?”

“பாக்கலன்னா ஒரே மீனை நாலு ஊர்ல நாலு பேர் தேடிக்கிட்டிருப்பாங்க. வேஸ்ட் லா.”

“உனக்கு ஒரு ஆளைத் தேடச் சொல்லு உங்கம்மாவை,” என்றார் என் கணவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே. “அதை ஏத்துங்க கம்ப்யூட்டர்ல.”

“அப்பா! அதுக்கு முதல்ல நல்ல டேட்டா வேணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே கணினி இணைப்பு அப்போதுதான் வந்திருந்தது. சில ஊர்க்காரர்கள் அதன் வழியாக வருவார்கள். மற்றவர்கள் தொலைபேசியில் மோடம் என்ற பெட்டியைக் கோத்து எங்கள் கணினியைக் கூப்பிடுவார்கள். பெட்டி இரண்டு மூன்று தடவை கீச்சிட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கும். ஞாயிறு மத்தியானங்களில் நானும் அவளும் மீன் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கட்டினோம். ஒவ்வொரு மீன் குடும்பத்துக்கும் ஒரு பக்கம். எண், செல்லப்பெயர், என்ன கோளாறு, யார் கண்டுபிடித்தது, கேட்டால் கிடைக்குமா. கடைசிக் கட்டம் ‘நிலை’. அதில் மூன்றே சொற்கள்தான் போட முடியும்படி நான் செய்திருந்தேன். இருக்கிறது. உறுதியாகவில்லை. இழந்தது. நிலை மாறினால், அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, பதிந்திருக்கும் எல்லா ஆய்வகங்களுக்கும் கணினி தானாகச் செய்தி அனுப்பும். செய்தியின் அடியில் பொறுப்பாளர் பெயராக அவள் பெயர் இருக்கும்.

விதி ஒன்றை அவள் வைத்தாள். கோளாறைக் கண்ணால் பார்க்காமல் யாரும் எதையும் ஏற்றக்கூடாது. யாருக்காவது முட்டை கொடுத்தாலும், அது வளர்ந்து, முட்டையிட்டு, அந்தக் குஞ்சில் கோளாறை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் ‘அங்கேயும் இருக்கிறது’ என்று எழுத வேண்டும். பேராசிரியரே ஒருமுறை அவசரப்பட்டு ஏற்றியதை அழித்துவிட்டாள். தமிழ் எழுத்து வராத அந்தத் திரையில், தயங்கி என்று ஆங்கில எழுத்துகளில் அடித்துவிட்டு, ஜெர்மனியில் இதை எப்படிப் படிப்பார்களோ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் எப்போதும் பயந்து சாகிறவள். மழை பிடித்தால் ஆய்வகத்துக்குப் போன் செய்வேன். சாப்பிட்டாயா, கிளம்பிவிட்டாயா, கடைசி பஸ் எப்போது. “நீங்களே ஒரு மோடம்மா,” என்பாள். “லைன் கிடைக்கிற வரைக்கும் கீச்சுக் கீச்சுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க.” பினாங்கிலிருந்து ஒரு பெண் வந்து சில வாரம் வேலை கற்றுக்கொண்டு போனாள். அவளைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துவருகிறேன் என்றாள் என் மகள். அழைத்துவரவில்லை. அதற்குள் அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தாள், இவளுக்குக் காய்ச்சல் வந்திருந்தது.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகு, சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போய் அந்தத் தகவல் தளத்தைப் பார்த்துக்கொண்டேன். வருகிற கேள்விகளைப் பேராசிரியரிடம் கொடுப்பேன். பொறுப்பாளர் பெயரை மாற்றிவிடலாமே என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஆகட்டும் என்றேன். அந்தப் பக்கத்தைத் திறப்பேன். மூடிவிடுவேன்.

*

பேசினில் இருந்த மீன்களைத் திரும்பவும் பிரிக்க ஒரே வழிதான் உண்டு என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் விளக்கினார். ஆணையும் பெண்ணையும் ஜோடி ஜோடியாகப் போட்டு, முட்டையெடுத்து, குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். இரண்டுமே தயங்கியாக அமைந்தால்தான் குஞ்சில் தெரியும். மீன்களுக்கு வயதாகிவிட்டது, பல இனி முட்டையே இடாது, அவருக்கு ஆள் பற்றாது. “நீங்கள் விரும்பினால் செய்து பாருங்கள்” என்றார். நம்பிக்கை தருகிற மாதிரி அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

மாலையில் ஜோடியைப் போட்டுவிட்டுப் போவேன். காலையில் விளக்கு வந்ததும் முட்டையிடும். இட்ட முட்டையைத் தாங்களே தின்றுவிடும் என்பதால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைக்க வேண்டும். முட்டை இடுக்குகளில் விழுந்து தப்பிவிடும். அந்தக் கோலிக்குண்டுகளை என் மகள் தேக்காவில் ஒரு கடையில் மொத்தமாக வாங்கியிருந்தாள். “எத்தனை பிள்ளைங்கம்மா வீட்ல?” என்று கடைக்காரர் கேட்டாராம்.

எங்கள் வீடு இருந்த மார்சிலிங்கிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மீன் அறைக்குப் போய்விட்டு அலுவலகத்துக்கு நேரத்தில் போகலாம். மூன்றாம் வாரமோ என்னவோ, காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் எழுந்து வந்தார்.

“இருட்டோட எங்க கிளம்பிட்ட? மீனுக்கு மாப்பிள்ளை பாக்கவா?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். போன வருஷம் இதே மேசையில் மூன்று வரன்களின் போட்டோவைப் பரப்பி வைத்திருந்தோம். அவள் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

“தேடுறது தப்பில்ல,” என்றார் அவர் கொஞ்சம் கழித்து. “கிடைக்கலன்னா நீ என்ன ஆவே? அதான் எனக்கு.”

நான் அடுத்த காலுறையை மாட்டினேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை அவருக்கு. தொட்டிகள் நிற்கும் இரும்புச் சட்டங்களை அவர்தான் அளவெடுத்து வெட்டிக் கொடுத்தார்.

“அந்த மெழுகுப் பென்சில் எங்க கடையிலேருந்து நான் எடுத்துக் குடுத்தது,” என்றார். “பெயிண்ட் பேனாவும் இருந்துச்சு. அதைக் குடுத்திருந்தா அழிஞ்சிருக்காது.”

அவள் இறந்ததைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது.

நுண்ணோக்கியில் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒரு கண்ணாடித் தட்டில் இருபது முப்பது குஞ்சுகள். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு சிவப்பு. டக், டக், டக். எல்லாம் சரியாகத் துடித்தன. அடுத்த ஜோடி. அவையும் சரியாகத் துடித்தன. இவ்வளவு ஆரோக்கியமான இதயங்களைப் பார்த்து இப்படிக் கலங்கியவள் வேறு யாரும் இருக்க மாட்டாள். ஒரு குஞ்சாவது நின்று நின்று துடிக்கட்டும் என்று ஏங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது அதைச் செபமாகச் சொல்ல வாய் வரவில்லை. பிறக்கிற ஒன்று சாக வேண்டும் என்று ஒரு தாய் எப்படிக் கேட்பது? அவளுக்காகச் செபமாலை உருட்டினேன், நினைப்பு எல்லாம் தட்டில் இருந்தது.

புத்தாண்டு கழிந்து ஆண்ட்டி இரண்டு ஆரஞ்சுப் பழங்களை என் மகளின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவருகே வந்து நின்று, “சுடா ஜும்பா?” என்பார். கிடைத்துவிட்டதா? “பெலும்,” என்பேன். இன்னும் இல்லை. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. முதுகு வளைந்து, கோடுகள் மங்கி, ஒரு நாள் காலையில் மேலே மிதக்கும். வெள்ளைத் துணியில் எடுக்கும்போதெல்லாம், இது தயங்கியாக இருந்திருக்குமோ என்று நினைப்பேன். பாதிக்கு மேல் போனபின், மிச்சமிருந்த பெண் மீன்கள் முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டன.

பேராசிரியர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் இன்னும் ‘இருக்கிறது’ என்றே நிற்கிறது, எங்கோ ஒருவர் அதை நம்பித் தன் வேலையைத் திட்டமிடுவார் என்றார். “உங்கள் மகளாக இருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பாள்.”

அது உண்மை. அதனால்தான் வலித்தது.

வியாழக்கிழமை மாலை, அலுவலகம் முடிந்து போய், தயங்கியின் பக்கத்தைத் திறந்தேன். நிலை. மூன்று சொற்கள். ‘உறுதியாகவில்லை’ என்று போடலாமா என்று நெடுநேரம் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு அவள் வைத்த பொருள் வேறு: கோளாறை ஒரு தடவை பார்த்து, மறுபடி பார்த்து உறுதி செய்யாதது. கண்ணால் பார்க்காத நம்பிக்கைக்கு அந்தத் தளத்தில் கட்டம் கிடையாது. நான்தான் கட்டியவள், எனக்குத் தெரியாதா? ‘இழந்தது’ என்று அடித்தேன். சரியா என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வியையும் எழுதியது நானேதான். சரி என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செய்தி தானாகப் போயிருக்கும். அதன் அடியில் யார் பெயர் இருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை, அவளுடைய மேசையைக் காலி செய்யலாம் என்று ஒரு அட்டைப்பெட்டியோடு போயிருந்தேன். என் கணவரும் வந்திருந்தார், சட்டங்களைக் கழற்ற ஸ்பானருடன். கோலிக்குண்டுகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஆண்ட்டிதான் என்று நினைத்து, “பெலும்,” என்றேன் திரும்பாமலே.

ஆண்ட்டி நின்றார். அவருக்குப் பின்னால், கசங்கிய சட்டையும் தூங்காத கண்களுமாக ஒரு பெண். ரேஃபியா கயிறு கட்டிய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். காலித் தொட்டிகள், ஸ்பானர், என் முகம்.

“நீங்க அக்காவோட அம்மாதானே? அதே மூக்கு,” என்றாள். “நான் பினாங்குலேருந்து வர்றேன் ஆண்ட்டி. போன வருஷம் இங்க படிக்க வந்தேன்ல, அப்ப அக்கா எனக்குத் தயங்கி முட்டை குடுத்தாங்க.”

என் கணவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். நான் கோலிக்குண்டுப் பையைப் பிடித்தபடி அவளையே பார்த்தேன். தன்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மூச்சுவிடாமல் சொன்னாள்.

“கண்ணால பாக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, அதான் எழுதல. இப்ப பாத்துட்டேன் ஆண்ட்டி, அடிக்குது, நிக்குது, அப்புறம் அடிக்குது. தயங்கி போயிடுச்சுன்னு அக்கா பேர்ல செய்தி வந்துச்சு. பதில் போட்டா லைன் போகவே மாட்டேங்குது. எவ்ளோ அழுதிருப்பாங்கன்னு நினைச்சுத்தான் ரயில்லயே தூக்கிக்கிட்டு வந்துட்டேன். எங்க இருக்காங்க? நானே போய்ச் சொல்றேன் ஆண்ட்டி, நீங்க சொல்லிடாதீங்க.”